டிரான்சிஸ்டர் கொதிக்கிறதா? மாஸ்ஃபெட் போடுங்கள்
5 வோல்ட் சிக்னல் தரும் ஆர்டுயினோ ஊனோ கன்ட்ரோலர் போர்டிலிருந்து 12 வோல்ட் மோட்டாரையோ எல்இடி ஸ்ட்ரிப்பையோ ஆன்-ஆஃப் செய்ய, டிஐபி122 டிரான்சிஸ்டருக்குப் பதிலாக ஐஆர்எல்இசட்44என் (IRLZ44N) மாஸ்ஃபெட் (வோல்ட்டேஜால் திறக்கும் டிரான்சிஸ்டர் வகை) போடுங்கள். ஹீட்சிங்க் (சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு) செலவு மிச்சம். 3 ஆம்பியர் ஓடும்போது டிஐபி122-இல் 2 வோல்ட் வரை வீணாகும், அதாவது 6 வாட் சூடு. மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு (அதைத் திறந்து மூடும் கால்) 5 வோல்ட் கிடைத்தால் அதன் தடை சுமார் 0.025 ஓம்தான், சூடு கால் வாட் அளவில் நின்றுவிடும். கடையில் மூன்றாவது எழுத்து 'எல்' தானா என்று கட்டாயம் பாருங்கள்: ஐஆர்எஃப்இசட்44என் (IRFZ44N) முழுதாகத் திறக்க கேட்டில் 10 வோல்ட் வேண்டும். மோட்டார் என்றால் அதன் குறுக்கே ஒரு டயோடும் போட்டுவிடுங்கள்.

3.3 வோல்ட் மட்டுமே தரும் ஈஎஸ்பி32 கன்ட்ரோலர் போர்டுக்கு ஐஆர்எல்இசட்44என் சரிவராது. அங்கே ஏஓ3400 (AO3400) மாஸ்ஃபெட் நல்லது. வீட்டு 230 வோல்ட் ஏசிக்கு இவை எதுவுமே கூடாது.