ஒரு நம்பர் கூட்டி வாங்காதீர்கள்: ஃபார்மல் ஷூவிலும் உடையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும்போது எங்கள் கடையில் கூட்டம் கூடிவிடும். வருகிறவர்களில் பலர் முதன்முறையாகத் தோல் ஷூ வாங்குகிறவர்கள். சிலருக்குத் தங்கள் கல்யாண வரவேற்பு, சிலருக்கு அக்கா கல்யாணம், சிலருக்கு முதல் நேர்முகத் தேர்வு. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் 6 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 17 ஆண்டுகளாகச் சென்னையில் ஆண்களுக்குக் காலணி பொருத்திக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். 23 வயதில் நான் செய்த அதே தவறைக் கண்ணெதிரே ஒவ்வொரு வாரமும் யாராவது செய்வதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், பாலிஷ் போட வேண்டும் என்பனவற்றை வீட்டிலேயே யாரேனும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அகலம் போதவில்லை என்று நீளத்தைக் கூட்டுவது

சென்ற வாரம் ஓர் இளைஞர் 8ஆம் நம்பர் போட்டுப் பார்த்துவிட்டு, சுண்டுவிரல் பக்கம் பிடிக்கிறது என்றார். அகலமான அச்சில் (ஷூவை உருவாக்கும் கால் வடிவக் கட்டையில்) செய்த வேறொரு ஜோடியை எடுத்துவர நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள், உடன் வந்திருந்த அவருடைய மாமா, "9 போட்டுக்கோ மாப்ளே, முன்னாடி கொஞ்சம் பஞ்சு வச்சா சரியாயிடும்" என்று சொல்லிப் பணமும் கட்டிவிட்டார். எடுத்துச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

அந்தப் பஞ்சை நானும் வைத்திருக்கிறேன். அக்காவின் வரவேற்புக்காகப் பாதி மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு கறுப்பு ஷூ வாங்கினேன். எனக்கு அளவு 7. பக்கவாட்டில் இறுக்கியதால் 8 எடுத்தேன். பந்தி முடிவதற்குள் குதிகால் உரிந்து, காலுறையில் இரத்தம் ஒட்டியிருந்தது. மூன்று மாதத்தில் விரல்களுக்கு மேலே விழுந்த மடிப்பில் தோல் வெடித்துவிட்டது. தோல் மட்டமானது என்று அப்போது நினைத்தேன். தொழிற்சாலையில் லாஸ்ட் என்று சொல்லப்படும் கால் அச்சைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் தவறு என்னுடையது என்று விளங்கியது.

நம் ஊரில் வழங்கும் நம்பர் பிரிட்டன் முறையைச் சேர்ந்தது. ஒரு நம்பர் கூடினால் நீளம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் கூடும். அகலத்தில் கூடுவது அதில் சிறு பகுதிதான். கால் நடக்கையில் பெருவிரல் மூட்டில் மடிகிறது. ஷூவும் அதே இடத்தில்தான் மடியும்படி செய்யப்பட்டிருக்கிறது. குதிகாலுக்கும் அந்த மூட்டுக்கும் நடுவில், சோலுக்குள் ஷாங்க் என்னும் எஃகுப் பட்டை ஒன்று இருப்பதால் அந்தப் பகுதி வளையவே வளையாது. நீளமான ஷூவைப் போட்டால் அதன் மடிப்பு உங்கள் மூட்டைத் தாண்டி, விரல்களின் மேல் போய் விழும். கால் ஓரிடத்திலும் ஷூ ஓரிடத்திலும் மடிவதால் ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மேலே எழும்பி உராய்கிறது. முன்னால் வைக்கும் பஞ்சு விரல்களைப் பின்னுக்குத் தள்ளுமே தவிர, மடிப்பை நகர்த்தாது.

"போடப் போட இளகிவிடும்" என்று விற்பனையாளரே சொல்வது எனக்கு இன்றும் ஆத்திரத்தை வரவழைக்கிறது. நல்ல தோல் அகலத்தில் சிறிது இளகும். நீளத்தில் இளகவே இளகாது. மேற்பரப்பைத் தேய்த்து, பிளாஸ்டிக் போன்ற பூச்சு கொடுத்துப் பளபளக்க வைத்த தோலோ அகலத்திலும் அதிகம் இளகாமல், மடிப்பில் வெடிக்கும்.

இதில் வாங்குகிறவரை மட்டும் குறை சொல்ல முடியாது. சிறு வயதிலிருந்து செருப்பிலும் வெறுங்காலிலும் நடந்து வளர்ந்த நம் பாதம் முன்புறம் விரிந்தது. அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் சுமார் 1 லட்சம் பேரின் பாதங்களை அளந்து, இந்தியர் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்றே சொல்லியிருக்கிறது. கடைகளில் அடுக்கியிருக்கும் ஜோடிகளில் பெரும்பாலானவை ஒரே அகலத்தில் வருகின்றன. பிரிட்டன் முறையில் அகலத்துக்கு எழுத்து உண்டு. பொதுவாக எஃப் என்பது சாதாரண அகலம், ஜி என்பது விரிந்தது. ஷூவின் உட்புறத்தில் நம்பருக்குப் பக்கத்தில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், முன்பக்கம் உருண்டையாக இருக்கும் வேறு அச்சில் செய்ததைக் கேளுங்கள்.

நாள் போகப் போகக் கால் சற்று வீங்கும் என்பதால் மாலையில் கடைக்குப் போங்கள். விழாவுக்குப் போடப்போகும் காலுறையோடு, இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று பாருங்கள். பலருக்கு இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை, பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பெருவிரல் மூட்டு ஷூவின் மிக அகலமான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நம்பரைவிட இதுதான் முக்கியம்.

லேஸ் கட்டும் பகுதியும் பேசும். ஆக்ஸ்ஃபோர்டு வகையில் லேஸ் துளைகள் உள்ள இரு பக்கங்களும் முன்தோலுக்கு அடியில் தைக்கப்பட்டிருக்கும். டெர்பி வகையில் அவை முன்தோலின் மேல் தைக்கப்பட்டு, இறக்கை போல் திறந்துகொள்ளும். புறங்கால் உயர்ந்தவருக்கு ஆக்ஸ்ஃபோர்டின் இரு பக்கங்களும் ஆங்கில வி எழுத்துப் போல விரிந்து நிற்கும். அது அந்தக் காலுக்கு ஆன ஷூ அன்று. என் அனுபவத்தில் நம்மவர் கால்களில் பெரும்பாலானவற்றுக்கு டெர்பிதான் இதமாக அமைகிறது. ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால், வேலைப்பாடு இல்லாத கறுப்பு டெர்பியை வாங்குங்கள். நேர்முகத் தேர்வு, நீதிமன்றம், வரவேற்பு ஆகிய மூன்றுக்கும் அது போகும். இரண்டாவது ஜோடி அடர் பழுப்பாக இருக்கட்டும்.

கறுப்பு பேன்ட்டுக்கு டான் (இளம்பழுப்பு) நிற ஷூ

வேண்டாம்.

பெட்டிக்குள் பத்திரமாக வைத்த ஷூ

தன் கல்யாணத்துக்குப் போட்ட ஷூவைப் பெட்டியில் வைத்து, 5 ஆண்டுகள் கழித்துத் தம்பி கல்யாணத்துக்கு எடுத்துப் போட்ட ஒருவர், மண்டபப் படியேறும்போதே சோல் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டதாக வந்து சொன்னார். மேலே தோல் புதிது போல இருந்தது. அடிப்பாகம் ஊறிய ரொட்டி மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அது பாலியூரிதேன் என்னும் ஒருவகை நுரைப் பிளாஸ்டிக் சோல். காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். போடாமல் வைத்திருப்பதால் அது தப்பிவிடாது. சென்னை போன்ற கடலோர ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. வாங்கும்போதே சோல் எதனால் ஆனது என்று கேளுங்கள். டிபிஆர் என்னும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக் சோலுக்கோ ரப்பர் சோலுக்கோ இந்தக் கேடு இல்லை. கையில் பணம் இருந்தால் வெல்ட் என்னும் தோல் பட்டையோடு சேர்த்துத் தைத்த சோலாக வாங்கலாம். தேய்ந்தால் அடிப்பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தோல் சோல் அழகுதான். ஆனால் ஐப்பசி மழையில் அது தண்ணீரைக் குடித்துவிடும்.

கூர் முனை

விரல் இல்லாத இடத்துக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

கோட்டில் இடுப்பைப் பார்த்துவிட்டுத் தோளை விட்டுவிடுவது

கோட்டின் கையைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், பேன்ட்டின் நீளத்தை எப்படியும் மாற்றலாம்; தோளை மட்டும் மாற்றுவது கோட்டையே பிரித்துத் தைப்பதற்குச் சமம். தோள் எலும்பு முடியும் இடத்தில் தையலும் முடிய வேண்டும். தையல் கீழே இறங்கி, கைமேல் ஒரு பள்ளம் விழுந்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

நிறத்தில் என் தேர்வு அடர் நீலம். வரவேற்புக்கென்று வாங்கும் மினுமினுப்பான சாட்டின் காலர் வைத்த கறுப்புக் கோட்டு அந்த ஒரு இரவோடு பீரோவுக்குள் போய்விடுகிறது. அடர் நீலமோ கறுப்பு ஷூவுக்கும் பழுப்பு ஷூவுக்கும் பொருந்தும். கோட்டைத் தனியாகச் சாம்பல் நிறப் பேன்ட்டோடு அலுவலகத்துக்கும் போடலாம். துணியில் முழுப் பாலியஸ்டரைத் தவிர்த்து, டிராப்பிகல் என்னும் மெல்லிய கம்பளித் துணியில், முதுகுப் பக்கம் பாதி மட்டும் உள்துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். வீடியோ விளக்கின் கீழே மூன்று மணி நேரம் நிற்கும் மாப்பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

கழற்றும் இடங்களை மறந்துவிடுவது

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்து ஷூ வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. நம் ஊரில் கோயிலிலும் வீட்டு வாசலிலும் பெரியவர்கள் காலில் விழும்போதும் ஷூவைக் கழற்றியாக வேண்டும். அவசரத்தில் லேஸை அவிழ்க்காமல், குதிகால் பக்கத்தை மிதித்துக்கொண்டு காலை நுழைக்கிறார்கள். அந்த இடத்தில் தோலுக்குள் கெட்டியான அட்டை போன்ற ஒரு தாங்கு வைத்துத் தைத்திருக்கிறோம். அது ஒருமுறை உடைந்தால் மறுபடி நிமிராது, குதிகாலையும் பிடிக்காது. குதிகாலை நுழைக்க உதவும் ஷூ ஹார்ன் ஒன்றை வாங்கிக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஷூ கழன்றால் காலுறை எல்லோருடைய கண்ணிலும் படும். பெருவிரல் நுனியில் தேய்ந்ததை அன்று போடாதீர்கள். காலுறை பேன்ட்டின் நிறத்தை ஒட்டியும், உட்கார்ந்தால் கணுக்காலுக்கு மேலே தோல் தெரியாத உயரத்திலும் இருக்கட்டும்.

ஷூவுக்கு முன்னால் பேன்ட்டைத் தைப்பது

செருப்போடு போய் அளவு கொடுத்துவிட்டு, பிறகு ஒரு அங்குல ஹீல் உள்ள ஷூவைப் போட்டால் பேன்ட் கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும். தையல்காரர் கீழே மடித்து விட்டிருக்கும் துணியும் பல நேரம் போதாது. ஷூவை முதலில் வாங்குங்கள். அதே காலுறையோடு அதைப் போட்டுக்கொண்டு போய், நிமிர்ந்து நின்று, பேன்ட்டின் முன்புறம் லேஸ் முடிச்சின்மேல் லேசாகத் தொடும்படி அளவெடுக்கச் சொல்லுங்கள்.