பெர்லினில் நின்ற டி-34: 1/35 டேங்க்குக்குப் பெயின்ட் அடிப்பதும் அழுக்காக்குவதும்

டேங்க் மாடல் கட்டுகிறவர்கள் ஒட்டி முடிக்கும்வரை நிதானமாகத்தான் இருப்பார்கள், பெயின்ட் என்று வந்ததும் கை பரபரக்கும், வெதரிங், அதாவது ஓடித் தேய்ந்த வண்டி மாதிரி அழுக்காக்குவது, என்று வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம், துரு, சேறு, எண்ணெய் என்று கையில் இருக்கிற பாட்டில் எல்லாவற்றையும் ஒரே வண்டிமேல் கொட்டிவிட்டுத்தான் ஓய்வார்கள். அதனால் பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். சோவியத் டேங்க் டி-34/85, அளவு 1/35 (நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு), 1945 ஏப்ரல் கடைசியில் பெர்லின் தெருக்களுக்குள் நுழைந்தது. டாமியா, ஸ்வெஸ்டா இரண்டு கம்பெனியும் கிட் போட்டிருக்கிறார்கள், எது கிடைத்தாலும் சரி.

பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு கணக்கு. முதலாவது வயது. 85 மில்லிமீட்டர் பீரங்கி வைத்த டி-34 தயாரிப்பே 1944 தொடக்கத்தில்தான் ஆரம்பித்தது. ஆக, பெர்லினில் நின்ற எந்த டி-34/85-க்கும் ஒன்றரை வயதுகூட ஆகியிருக்காது. மழையில் பத்து வருஷம் கிடந்த லாரி மாதிரி உடம்பெல்லாம் செந்துரு வழிய நியாயமே இல்லை. இரண்டாவது, அளவு. 1/35-ல் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர். ஸ்பான்ஜை வைத்துப் பொத்தென்று ஒற்றுகிற இரண்டு மில்லிமீட்டர் பெயின்ட் உதிர்வு நிஜ வண்டியில் ஏழு சென்டிமீட்டர் அகலத் தழும்பு. அது எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும். யார் மிதித்தது, எது உரசியது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது: ஒவ்வொரு கறைக்கும் இதைக் கேட்டுக்கொண்டாலே பாதி வெதரிங் தானாகக் குறைந்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். சக்கரங்களையும் டிராக்கையும் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) தனியே வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் ஒட்டிவிடுங்கள். பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டால் அச்சிலிருந்து வந்த பிசுக்கும் உங்கள் விரல் பிசுக்கும் போய்விடும். டரட்டில், அதாவது பீரங்கி வைத்த சுழலும் மேல்கூட்டில், ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டி-34/85-ன் டரட் வார்ப்பு எஃகு, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். ஹல், அதாவது வண்டியின் உடல், தகடுகளை வெல்டு வைத்துச் செய்தது, அது வழவழப்பு. கிட்டில் அந்த வித்தியாசம் போதவில்லை என்றால் மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்கிற கெட்டியான அடிப்பூச்சை டரட்மேல் தடவி, அது இறுகுவதற்குள் முடியைக் குட்டையாகக் கத்தரித்த பிரஷ்ஷால் குத்திக் குத்தி விடுங்கள், நன்றாகக் காய்ந்தபின் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. இந்தப் பத்து நிமிஷ வேலையின் பலன் பின்னால் தூசி போடும்போது தெரியும்.

பிரைமர் (பெயின்ட் பிடிப்பதற்கு அடியில் போடும் பூச்சு) சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கோட் போதும். லாக்கர் வகை (காரமான கரைப்பான் கலந்தது) அடிப்பதாக இருந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேதியியல் வாயுவுக்கான ஃபில்டர் வைத்த மாஸ்க் போடுங்கள், துணி மாஸ்க் இதற்கு உதவாது. கடலோர ஊர்க்காரர்கள் மழை நாளில் லாக்கர் பக்கமே போகவேண்டாம், காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் பெயின்ட் வெள்ளையாகப் பூத்துவிடும்.

அடுத்தது பச்சை. சோவியத் வண்டிகளின் பச்சைக்கு 4பிஓ என்று பெயர், அதன் சரியான சாயல் எது என்று மாடல்காரர்கள் காலம்காலமாகச் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சண்டை தேவையில்லை, எப்படியும் மேலே வாஷும் (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த அடர்நிறப் பெயின்ட்) தூசியும் ஏறப்போகிறது, நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், தொடக்க நிறம் கொஞ்சம் வெளிறலாக இருக்கட்டும். டாமியா எக்ஸ்எஃப்-61 அடர்பச்சை மூன்று பங்கு, எக்ஸ்எஃப்-60 அடர்மஞ்சள் ஒரு பங்கு, கலவைக்குச் சமமாக அதே கம்பெனி தின்னர். ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கிற கருவி) 0.3 மில்லிமீட்டர் நீடில், காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. முதல் கோட் முடிந்ததும் அதே கலவையில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் சேர்த்து, வானத்தைப் பார்க்கிற பரப்புகளிலும் தகடுகளின் நடுவிலும் மட்டும் ஊதுங்கள். வெளிறவைக்க வெள்ளை சேர்க்காதீர்கள், பச்சை புதினா நிறத்துக்குப் போய்விடும். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் டாமியா அக்ரிலிக்கை விட்டுவிட்டு வல்லேஹோ கம்பெனி அக்ரிலிக் வாங்குங்கள்; டாமியாவைக் கையால் பூசினால் இரண்டாவது கோட் முதல் கோட்டைக் கிளப்பிவிடும், வல்லேஹோ தண்ணீர் கலந்து மூன்று நான்கு மெல்லிய கோட் பூசினால் அழகாகப் படியும். சக்கரத்தின் ரப்பர் விளிம்புக்கு ஸ்டேஷனரி கடையில் விற்கிற வட்ட ஸ்டென்சில் போதும், கறுப்பு வேண்டாம், அடர்சாம்பல் அடியுங்கள்.

அப்புறம் வெள்ளைப் பட்டை. பெர்லின் சண்டையில் தங்கள் பக்கத்து விமானங்கள் தங்கள்மேலேயே குண்டு போட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பல சோவியத் டேங்க்குகளின் டரட்டைச் சுற்றி வெள்ளைப் பட்டையும் மேல்பக்கம் வெள்ளை அடையாளமும் போட்டார்கள். போட்டவர்கள் சிப்பாய்கள், பிரஷ்ஷால், சண்டைக்கு நடுவில். அதனால் இதற்கு மாஸ்கிங் டேப் ஒட்டி நூல் பிடித்த மாதிரி நேராக அடித்தால் பொய்யாகத் தெரியும். வெள்ளையில் துளி பழுப்பு கலந்து, சின்ன பிரஷ்ஷால் வெறும் கையில் இழுங்கள், ஓரம் கோணட்டும், சில இடத்தில் பச்சை தெரியட்டும், டரட் கைப்பிடிகளுக்குப் பின்னால் பிரஷ் நுழையாத இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். எண்கள் டீக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) என்றால் அந்த இடத்தில் மட்டும் முதலில் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ் அடித்துக்கொள்ளுங்கள், சொரசொரப்பான மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும்.

இதற்கு மேல் எந்த வரிசையில் போவது என்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், விஷயம் சுலபம்தான். அடியில் இருப்பது அக்ரிலிக், அது ஒரு நாள் காய்ந்துவிட்டால் ஒயிட் ஸ்பிரிட் (பெட்ரோலியத் தின்னர்) அதைக் கரைக்காது. மேலே போடுவது ஆயில் பெயின்ட் அல்லது எனாமல், அதை ஒயிட் ஸ்பிரிட் கரைக்கும். ஆக, மேல் அடுக்கு பிடிக்கவில்லை என்றால் பச்சைக்கு ஒன்றும் ஆகாமல் துடைத்து எடுத்துவிடலாம். நடுவில் ஒரு செமி கிளாஸ் அக்ரிலிக் வார்னிஷ் இருந்தால் இன்னும் நிம்மதி, வாஷும் நன்றாக ஓடும்.

வாஷுக்கு விலை உயர்ந்த பாட்டில் தேவையில்லை. ஓவியர்கள் வாங்குகிற கேமல் ஆயில் டியூப், பர்ன்ட் அம்பர் நிறம், கூடவே கொஞ்சம் கறுப்பு. அட்டைமேல் பிதுக்கி அரை மணி நேரம் விட்டால் எண்ணெயை அட்டை குடித்துவிடும், இல்லாவிட்டால் காய்ந்தபின் பளபளக்கும். மணமில்லாத ஒயிட் ஸ்பிரிட்டில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்துக்குக் கரையுங்கள். வண்டி முழுக்கப் பூசாதீர்கள். நுனி கூரான பிரஷ்ஷில் ஒரு துளி எடுத்து போல்ட்டின் அடியில் தொட்டால் போதும், திரவம் தானாகவே வட்டமாகச் சுற்றி ஓடிவந்து மறுபக்கம் சேரும். வெல்டு ஓரம், ஹாட்ச் (ஆள் நுழையும் வாய்) விளிம்பு, எஞ்சின் மூடியின் கம்பித் தடுப்பு, இவ்வளவுதான். கால் மணி நேரம் கழித்து, ஸ்பிரிட்டில் நனைத்துத் துணியில் ஒற்றி எடுத்த வேறொரு பிரஷ்ஷால் வெளியே வழிந்ததைக் கீழ்நோக்கி இழுத்துத் துடையுங்கள். டி-34-ன் பக்கவாட்டுத் தகடுகள் சரிவு, மழைத் தண்ணீர் அந்தச் சரிவில்தான் இறங்கும், கோடுகளும் அதே திசையில்தான் இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பெயின்ட் ஏறாத மூட்டுகளில் வாஷ் தேங்கினால் பிளாஸ்டிக் நொறுங்கிப்போகும், குட்டை கட்டவிடாதீர்கள்.

பெயின்ட் உதிர்வுக்கு யாரைக் கேட்பது? வண்டிமேல் ஏறிவந்த காலாட்படையைக் கேளுங்கள். சோவியத் சிப்பாய்கள் எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்து, டரட் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். பூட்ஸ் உரசுகிற எஞ்சின் மூடி ஓரம், ஏறிக் குதிக்கிற ஃபெண்டர் (டிராக்குக்கு மேலே உள்ள தகடு) விளிம்பு, கைப்பிடி, டிரைவர் ஹாட்ச்சின் விளிம்பு, இந்த நான்கு இடம் தாராளம். டரட்டின் பக்கவாட்டு நடுவில் எதற்கு உதிர்வு? முதலில் அடிநிறத்தைவிட வெளிறிய பச்சையில் கீறல்கள், அவற்றில் சிலவற்றின் உள்ளே மட்டும் வல்லேஹோவின் ஜெர்மன் கமோஃப்ளாஜ் பிளாக் பிரவுன். வெளிறிய ஓரமும் கருத்த நடுவும் சேர்ந்தால்தான் ஆழம் தெரியும். வெள்ளிப் பெயின்ட் டப்பாவை மூடியே வையுங்கள்.

டிராக்குக்கு அடர்பழுப்பு அடித்து, மண் நிற பிக்மென்ட் தூளை ஒயிட் ஸ்பிரிட்டில் குழைத்து எல்லா இடுக்கிலும் இறக்கிக் காயவிடுங்கள். தரையில் படுகிற மேடுகளைத் துணியால் துடைத்துவிட்டு 6பி பென்சிலால் தேய்த்தால் உலோகப் பளபளப்பு அப்படியே வரும். டி-34-ல் டிராக்கின் உள்பக்கம் நடுவில் கொம்புகள் நிற்கும், இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே அவை ஓயாமல் உரசிக்கொண்டே போகும், அதனால் கொம்புகளின் பக்கவாட்டும் மின்ன வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

தூசிக்கு முன்னால் மேட் வார்னிஷை அடித்து முடித்துவிடுங்கள், பிக்மென்ட்டுக்குப் பிறகு அடித்தால் பாதித் தூசி காணாமல் போகும். பெர்லின் என்றால் இடிந்த கட்டடம். உக்ரைன் வயல்வெளிச் சேற்றை இங்கே கொண்டுவந்து அப்பவேண்டாம். வெளிர்சாம்பல் பிக்மென்ட்டோடு செங்கல் நிறம் கொஞ்சம் கலந்து, ஃபெண்டர், சக்கரங்களின் உள்பக்கம், ஹல்லின் முன்சரிவு ஆகிய இடங்களில் காய்ந்த பிரஷ்ஷால் தூவி, ஒயிட் ஸ்பிரிட்டை ஓரமாகத் தொட்டால் உறிஞ்சி உட்கார்ந்துவிடும். ஈரத்தில் ஒன்றுமே தெரியாது, காய்ந்தால்தான் நிறம் வரும், பொறுமை இல்லாமல் இன்னும் இன்னும் என்று போடாதீர்கள். பிக்மென்ட் கிடைக்கவில்லையென்றால் பேஸ்டல் சாக்கை உப்புத்தாளில் தேய்த்தால் அதே தூள்தான்.

கடைசியாக எண்ணெய். பக்கவாட்டில் தொங்குகிற டீசல் டிரம்கள் எஞ்சினோடு குழாய் வைத்து இணைத்தவை அல்ல, எரிபொருளை மாற்றி ஊற்றித்தான் பயன்படுத்த வேண்டும், ஊற்றினால் சிந்தத்தானே செய்யும். பர்ன்ட் அம்பரில் கிளாஸ் வார்னிஷ் கலந்து, டிரம் மூடியிலிருந்து கீழே ஒரு மெல்லிய வழிசல், எஞ்சின் மூடியின் எண்ணெய் வாய் அருகே ஒன்றிரண்டு சொட்டு. பின்தகட்டில் இருக்கிற இரண்டு புகைக்குழாய்கள் மட்டும்தான் இந்த வண்டியில் துரு நிறத்துக்கு முழு உரிமை உள்ளவை, அவற்றின் வாயிலும் கீழேயும் கறுப்பு பிக்மென்ட்டைத் தேய்த்துவிடுங்கள், டீசல் புகை. டிராக்கை மாட்டியபின் வண்டியை ஹல்லின் அடிப்பக்கமாகவே பிடித்துத் தூக்குங்கள், விரல் பட்ட இடத்தில் தூசி போய் எண்ணெய்ப் பளபளப்பு ஏறிவிடும்.