மாரத்தான் முடிந்தபின் ஓட மனசே வரவில்லையா?

ஜனவரியில் சென்னை மாரத்தான் முடிகிறது. பிப்ரவரியில் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் சுருங்குகிறது. மார்ச்சில் அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறோம். சித்திரை வருவதற்குள் ஷூவில் தூசி. நெடுந்தூரம் ஓடுகிற பலருக்கும் இது நடக்கிறது. இதைச் சோம்பல் என்று முடிவுகட்டி, அடுத்த போட்டிக்கு உடனே பணம் கட்டித் தன்னை விரட்டிக்கொள்வதுதான் வழக்கமான தவறு. களைத்த உடம்புக்கு ஊக்கமூட்டும் வீடியோ எதுவும் செய்யாது. முதலில் உடம்பைச் சோதித்துவிடுங்கள், மனசை அப்புறம் பார்க்கலாம்.

காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன்பே, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 விநாடி நாடித் துடிப்பை எண்ணி இரட்டிப்பாக்குங்கள். ஒரு வாரம் குறித்துவையுங்கள். உங்கள் வழக்கமான எண்ணைவிட 7 முதல் 10 வரை கூடுதலாகத் தொடர்ந்து இருந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை, அல்லது காய்ச்சல், தூக்கக்குறைவு என்று வேறு ஏதோ இருக்கிறது. இன்னொரு சோதனை: 10 நிமிடம் மிக மெதுவாக ஓடிப் பாருங்கள். அதற்குள் கால் இளகிவிட்டால் தடை மனசில்தான், தொடரலாம். 10 நிமிடத்துக்குப் பிறகும் கால் கனத்தால், நடக்கிற வேகத்துக்கே மூச்சு வாங்கினால், வீட்டுக்குத் திரும்புங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்படியே மூன்று வாரம் போனால் ரத்தப் பரிசோதனை அவசியம். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று விட்டுவிடுகிறார்கள். அது சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின், தனியாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். காய்ச்சல் நாட்களிலும் கடுமையாக ஓடிய மறுநாளும் எடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். கூடவே தைராய்டு, வைட்டமின் டி. சைவம் சாப்பிடுபவர்கள் பி12-உம் பார்க்கலாம். இரும்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள். சாப்பிட்ட கையோடு ஃபில்டர் காபி குடித்தால் உணவிலுள்ள இரும்பு சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

சாப்பாட்டையும் கணக்குப் பாருங்கள். வெறும் வயிற்றில் ஐந்து மணிக்கு ஓட்டம், வந்ததும் காபி, ஒன்பதரைக்கு இரண்டு இட்லி. எடை குறைக்க ஓட ஆரம்பித்தவர்களிடம் இந்தப் பழக்கம் அதிகம். கிலோமீட்டர் ஏற ஏற, தட்டில் விழுவதும் ஏற வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ பயிற்சியைக் குறைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

உடம்பில் குறையில்லை என்றால், அடுத்த சந்தேகம் கைக்கடிகாரத்தின் மேல். மே மாதச் சென்னையில் விடியற்காலையிலேயே 28 டிகிரி, அதோடு புழுக்கம். வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது, உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போய்விடுகிறது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கிறது. டிசம்பரில் கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் சுகமாக ஓடியவருக்கு இப்போது 6:40 ஆனால் அது பின்னடைவே அல்ல. ஆனால் ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியில் பழைய எண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் பலருக்கு மனசு விட்டுப்போகிறது. ஒரு மாதத்துக்கு பேஸ், அதாவது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பது, தெரியாதபடி கடிகாரத் திரையை மாற்றிவிடுங்கள், நேரம் மட்டும் தெரிந்தால் போதும். பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்பதுதான் அளவு.

ஆறு முதல் எட்டு வாரம் விட்டவர்கள் திரும்புவதற்கான கணக்கு இது. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் மூன்று நாள்: 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, ஆறு முறை. இரண்டாம் வாரம் அதே மூன்று நாள்: 9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, மூன்று முறை. மூன்றாவது வாரம் நிற்காமல் 30 நிமிடம், ஞாயிறு மட்டும் 45. நான்காவது வாரம் நாலு நாள், ஞாயிறு 60 நிமிடம். ஐந்தாவது வாரத்தில்தான் வேகம்: ஈஸி ரன் முடிவில் 20 விநாடி ஸ்ட்ரைட்ஸ் (முழு வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, சீராக வேகமெடுத்து ஓடுவது) நாலு, நடுவில் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு.

இந்தத் திட்டம் கெடுவது பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில். மூச்சு சீக்கிரம் பழக்கத்துக்கு வந்துவிடும், ‘பழைய ஃபார்ம் வந்தாச்சு’ என்று 12 கிலோமீட்டர் போய்விடுவார்கள். தசைநாருக்கும் எலும்புக்கும் அவ்வளவு வேகம் கிடையாது. கணுக்காலுக்கு மேலே உள்பக்க எலும்பு நெடுக வலித்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள். எலும்பில் ஒரே இடத்தில், விரல் நுனி வைத்துக் காட்டும் அளவுக்கு வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்கும்போது சுள்ளென்றால், அன்றே நிறுத்தி டாக்டரிடம் போங்கள். எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம்.

துணைக்கு ஆள் தேடுவதென்றால் நூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழு வேண்டாம், நீங்கள் வராதது அங்கே யாருக்கும் தெரியாது. ‘அஞ்சு மணிக்கு பெசன்ட் நகர் பீச்ல நிக்கிறேன்’ என்று ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். உங்கள் வேகத்தைவிடச் சற்று மெதுவாக ஓடுபவராக இருந்தால் இன்னும் நல்லது.

நாலு வாரம் முழுசாக முடியும்வரை எந்தப் போட்டிக்கும் பதிவு செய்யாதீர்கள். முடிந்தபின் முதலில் ஒரு 10 கிலோமீட்டர் போட்டி போதும். மறுபடியும் ஜனவரியில் முழு மாரத்தான்தான் வேண்டுமென்றால், அதற்கான 16 வாரப் பயிற்சி செப்டம்பரில்தான் தொடங்குகிறது.