ஓசோனை முன்னால் வைக்காதீர்கள்: கழிவுநீர் மீள்பாவனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நன்னீர், சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை. மழை ஊறினால்தான் அது நிறையும். ஆகவே குளியல், சலவைத் தண்ணீரைச் சுத்திகரித்து மலசலகூடத்துக்கும் மரங்களுக்கும் திரும்பப் பாவிப்பது மிக நல்ல விடயம். இதில் கிருமியைக் கொல்லவும் மணம், நிறம் போக்கவும் ஓசோன் வாயுவைப் பாவிப்பார்கள். ஆனால் புதிதாக இறங்குபவர்கள், நாங்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகளையே விடுகிறார்கள். குழாய் ஒழுக்கு, வயரிங் பிழை பற்றி இங்கே பேசவில்லை. அவை தாமாகவே தெரிந்துவிடும்.

ஓசோனை முதலில் வைப்பது

காசைக் கரைக்கும் பிழை இதுதான். வலையும் இல்லை, வடியும் (பில்ரர்) இல்லை. சேகரிப்புத் தாங்கிக்குள் காற்றுக்கல்லைப் போட்டு ஓசோன் மெஷினைப் பூட்டிவிடுவார்கள். முதல் சில நாள் மணம் குறையும், நிறம் கொஞ்சம் வெளுக்கும். பிறகு பழைய மணம் திரும்பும். விற்றவர் இன்னும் பெரிய மெஷின் வேண்டும் என்பார்.

கணக்கைப் பாருங்கள். ஒரு விடுதியில் நாளுக்கு 5,000 லீற்றர் தண்ணீர். இரசாயன ஒட்சிசன் தேவை (தண்ணீரிலுள்ள ஊத்தையை ஒட்சியேற்ற வேண்டிய ஒட்சிசனின் அளவு) லீற்றருக்கு 300 மில்லிகிராம் என்றால் மொத்தம் 1,500 கிராம். மணிக்கு 10 கிராம் ஓசோன் தரும் மெஷின் 10 மணித்தியாலம் ஓடினாலும் கிடைப்பது 100 கிராம். அந்தத் தேவையில் 1 கிராமைக் குறைக்க நடைமுறையில் 2 கிராமுக்கு மேல் ஓசோன் போகும். 1,500 இல் 50 கூடக் குறையாது. கிருமியைத் தொடமுன்னரே சவர்க்காரமும் ஊத்தையும் ஓசோனைத் தின்று முடித்துவிடும்.

அதே மெஷினைக் கடைசிப் பக்கம் கொண்டுபோங்கள். நூலும் தலைமுடியும் பிடிக்கும் வலை, அடையல் தாங்கி, காற்றூட்டிய உயிரியல் தாங்கி, இன்னோர் அடையல், 60 முதல் 80 சென்ரிமீற்றர் ஆழ மணல் வடி, அதன் பின்பே ஓசோன். வடியால் வரும் தண்ணீரின் கலங்கல் 5 என்.ரி.யூ.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே இருந்தால் லீற்றருக்கு 10 மில்லிகிராம் பெரும்பாலும் போதும்: 5,000 லீற்றருக்கு 50 கிராம், 5 மணித்தியால ஓட்டம். கரையாமல் போகும் பங்குக்காக இன்னும் ஒன்றிரண்டு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். காற்றூட்டல் அரைகுறையாக இருந்து நைத்திரைற்று (அமோனியா முழுதாக நைத்திரேற்றாக மாறாத இடைநிலை) எஞ்சினால், அதிலுள்ள நைதரசன் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 3.4 மில்லிகிராம் ஓசோன் வீணாகும்.

எங்கள் தண்ணீர் சூடானது. சூட்டில் ஓசோன் குறைவாகக் கரையும், விரைவாகச் சிதையும். அதனால் வெஞ்சூரி (ஓடும் தண்ணீரே வாயுவை உறிஞ்சிக் கலக்கும் ஒடுங்கிய குழாய்) நல்லது. காற்றுக்கல்தான் என்றால் தொடுகைத் தூண் (ஓசோனும் தண்ணீரும் கலக்கும் உயரமான தாங்கி) 4 மீற்றராவது உயரட்டும். ஒரு மீற்றர்த் தாங்கியில் குமிழி கரையமுன்னரே மேலே வந்து உடைந்துவிடும். தூணின் வெளிவாயில் லீற்றருக்கு 0.4 மில்லிகிராம் எஞ்சுகிறதா, அது 4 நிமிடமாவது நிற்கிறதா என்று இன்டிகோ சோதனையால் (ஓசோன் நீலச் சாயத்தை எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பது) பாருங்கள். எஞ்சவில்லையா? மெஷினைப் பெருப்பிக்காதீர்கள், வடியைத் திறந்து பாருங்கள். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஈரக் காற்றை ஊட்டுவது

மாரிக்காலக் காற்றை உலர்த்தாமல் கொடுத்தால் ஓசோன் விளைச்சல் விழும். நைத்திரிக் அமிலம் உருவாகி மின்வாய்களை அரிக்கும். ஒட்சிசன் செறிவாக்கி வையுங்கள், அல்லது பனிபடுநிலை (காற்றின் ஈரம் ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலை) −60 பாகைக்கு இறங்கும்வரை காற்றை உலர்த்துங்கள்.

இயற்கை றப்பர் வாசர்

ஓசோன் பட்டால் வெடிப்பு விழும். டெஃப்லோன் அல்லது வைற்றன் போடுங்கள்.

ஓசோன் கொடுத்த தண்ணீரைச் சும்மா தேக்குவது

பெரிய சேதன மூலக்கூறுகளை ஓசோன் சிறிதாக உடைக்கிறது. அவை பற்றீரியாவுக்கு இலகுவான தீனி. ஒரு வாரத்தில் தாங்கிச் சுவர் வழுக்கும். ஓசோனுக்கும் தாங்கிக்கும் இடையில் உயிர்ப்பூட்டிய காபன் படுகை தேவை. தண்ணீர் அதில் 10 முதல் 15 நிமிடம் தங்கவேண்டும்.

உப்பு போய்விடும் என்று நம்புவது

போகாது. நைத்திரேற்றும் போகாது. கரையோரக் கிணற்று உவர்நீரில் புரோமைட்டு இருக்கும். ஓசோன் அதைப் புரோமேற்றாக மாற்றும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். குடிநீர்க் கிணற்றின் பக்கம் இந்தத் தண்ணீரை விடவேண்டாம்.

மெஷினைப் பூட்டிய அறைக்குள் வைப்பது

ஓசோன் காற்றிலும் பாரமானது, நிலத்தோடு தேங்கும். 8 மணித்தியால வேலைக்குப் பத்து இலட்சத்தில் 0.1 பங்குதான் எல்லை. தூணின் மேலால் வரும் வாயுவை மங்கனீசீரொட்சைட்டு ஊக்கிப் பெட்டியூடாக வெளியே விடுங்கள். மணம் நின்றுவிட்டது என்று உள்ளே போகாதீர்கள். மூக்கு ஓசோனுக்கு விரைவில் பழகிவிடும்.