பழைய வெயின்ரைட் கைடை வச்சு மலை ஏறுறது எப்படி

இங்கிலாந்துல லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிக்கு போறவங்க பழைய புக் கடையில வெயின்ரைட் கைடு, அதாவது ஆல்ஃபிரட் வெயின்ரைட்டுங்கிறவர் அந்த மலைகள்ல ஏறுறதுக்கு எழுதின வழிகாட்டி புக், கண்ணுல பட்டா விட்றாதீங்க, 1955லேருந்து 1966க்குள்ள ஏழு வால்யூம், 214 மலை, எழுத்து படம் எல்லாமே அந்த மனுஷன் கையாலயே எழுதி வரைஞ்சது.

ஏரியா வாரியா பிரிச்சிருக்கார், அங்க இருக்குற ஹெல்வெலின் மலைல ஏறணும்னா கிழக்குப் பகுதி வால்யூம எடுங்க. உயரம் அடியில இருக்கும், 3.28ஆல வகுத்தா மீட்டர், ஹெல்வெலின் 3118 அடின்னா சுமார் 950 மீட்டர்.

முக்கியமானது இதுதான், ஏறுற பாதைக்கு அவர் வரைஞ்ச படம் மேப் மாதிரி இருக்காது, அடிவாரத்துலேருந்து மலைய அண்ணாந்து பாக்குற மாதிரி இருக்கும், அதனால பக்கத்தோட மேல்பக்கம்தான் வடக்குன்னு நெனச்சு காம்பஸ வச்சீங்கன்னா வேற பள்ளத்தாக்குல எறங்கிடுவீங்க, ப்ளீஸ் இத மறந்துடாதீங்க.

வேலி, பாதை, மரக்காடு எல்லாம் இத்தனை வருஷத்துல மாறியிருக்கும். ஆர்டினன்ஸ் சர்வேங்கிற பிரிட்டிஷ் அரசு மேப் நிறுவனத்தோட புது 1:25,000 மேப்ப (அதுல 1 செ.மீ.ன்னா தரையில 250 மீட்டர்) பக்கத்துல விரிச்சு, புக்ல இருக்குற ஒவ்வொரு திருப்பத்தையும் பென்சில்ல அதுல குறிச்சுக்கோங்க, நடக்குறப்ப நம்ப வேண்டியது அந்த மேப்பத்தான்.

புக்க மழையில எடுத்துட்டு போகாதீங்க, பாவம், நனைஞ்சா போச்சு. வேணுங்குற பக்கத்த மட்டும் காப்பி எடுத்து பிளாஸ்டிக் கவர்ல போட்டுக்கோங்க. உச்சிலேருந்து தெரியுற மலைகளுக்கெல்லாம் பேர் போட்டு வரைஞ்ச பக்கத்த கண்டிப்பா சேர்த்துக்கோங்க, மேகம் விலகுறப்ப ஒவ்வொண்ணா பேர் சொல்லி பாக்கலாம், அவ்ளோ அழகா இருக்கும்.