கோச்சிடம் போவதற்கு முன் ஒரு தாள்

வேலையில் வரும் சிக்கல்களைப் பேசித் தெளிய உதவும் பிசினஸ் கோச்சுடன் முதல் சந்திப்புக்கு நாள் குறித்தாயிற்றா? அதற்கு முந்தைய 2 வாரம், நீங்கள் தள்ளிப்போட்ட முடிவுகளை மட்டும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். "நல்ல தலைவராக வேண்டும்" என்று போய் உட்கார்ந்தால் முதல் மணி நேரம் பேச்சிலேயே கரைந்துவிடும். "விற்பனைப் பிரிவு மேலாளரிடம் சொல்ல வேண்டியதை 3 முறை தள்ளிப்போட்டேன், மூன்றாவது முறை அவர் அறைக் கதவு வரை போய்த் திரும்பினேன்" என்று எழுதியிருந்தால், வேலை அங்கேயே தொடங்கிவிடும். எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும், அந்த வரிதான் பயன்படும்.

பணம் கட்டுவது கம்பெனி என்றால், நீங்கள் பேசுவதில் எது மேலதிகாரிக்குப் போகும், எது போகாது என்பதை முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்கத் தயங்குகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம், கோச்சின் சான்றிதழ். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐசிஎஃப் தரும் தொடக்க நிலைச் சான்றிதழான ஏசிசிக்குக் குறைந்தது 100 மணி நேர கோச்சிங் அனுபவம் வேண்டும். அடுத்த நிலையான பிசிசிக்கு 500, உச்ச நிலையான எம்சிசிக்கு 2,500. ஆனால் மணிக்கணக்கு மட்டும் போதாது. அறிமுகப் பேச்சில் யார் அதிகம் பேசுகிறார் என்று கவனியுங்கள். கோச்சே பேசிக்கொண்டிருந்தால் நான் வேறு ஆளைத்தான் தேடுவேன்.

முடிந்தால் சந்திப்புக்குப் பின் 15 நிமிடம் காலண்டரில் காலியாக விடுங்கள். உடனே அடுத்த மீட்டிங்குக்கு ஓடினால் பாதி மறந்துபோகும்.