கரிஞான்-சலியேர் படைவீரரின் கொடிவழியைத் தேடும் முறை

வட அமெரிக்கப் பழங்குடியினரான இரோகுவா மக்களுடனான போருக்காகப் பிரான்ஸ் அனுப்பிய கரிஞான்-சலியேர் படைப்பிரிவு, 1665-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,200 வீரர்களுடன் இன்றைய கனடாவிலுள்ள கியூபெக்கில் வந்திறங்கியது. 1667-ல் சமாதானம் ஏற்பட, மறு ஆண்டு படைப்பிரிவு திரும்ப அழைக்கப்பட்டபோது, சுமார் 400 பேர் அங்கேயே தங்கிக் குடியானவர்களாயினர். கியூபெக்கில் வேர்கொண்ட குடும்பம் ஒன்றிலிருந்து அவர்களில் ஒருவரைச் சென்றடையும் வழியை இங்கே விளக்குகிறேன்.

முதல் படியாக, படைவீரரை மறந்துவிடுங்கள். புகழ்பெற்ற ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே இறங்குவோர் பெரும்பாலும் அடுத்த வீட்டாரின் கொடிவழிக்குள் போய்விடுவர். உறுதியாகத் தெரிந்த பாட்டன், பாட்டியின் திருமணத்தில் தொடங்கி, தலைமுறைக்கு ஒரு திருமணப் பதிவாக மேலே ஏறுங்கள். கியூபெக்கின் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளில் (ஊர்த் தேவாலயப் பதிவேடுகளில்) மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயர்களும் பொதுவாக இருக்கும். பெண்கள் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்படுவதால் தாய்வழியும் அறுபடாது. ஆனால் மறுமணமாக இருந்தால், பெற்றோருக்குப் பதில் இறந்த துணையின் பெயரே பல இடங்களில் காணப்படும். அப்போது முதல் திருமணத்தைத் தேடிப் போக வேண்டும்.

இரண்டாவது, பட்டப்பெயர். தொடக்கநிலையினர் தடுக்கி விழும் இடம் இதுதான். படைவீரர்களுக்கு லாஃப்ளேர், லாவியோலெத், ஜோலிக்கேர், சான்சூசி போன்ற போர்ப்பெயர்கள் இருந்தன. குடும்பப் பெயருக்கும் போர்ப்பெயருக்கும் நடுவே வரும் ‘தி’ (dit) என்ற சொல், நம் பத்திரங்களில் எழுதும் ‘என்கிற’ என்பதற்கு இணையானது. பேரப்பிள்ளைகளில் ஒரு கிளை குடும்பப் பெயரையும் மற்றொரு கிளை பட்டப்பெயரையும் வைத்துக்கொண்டதுண்டு. ஆகவே ஒரு தலைமுறையில் தடம் திடீரென மறைந்தால், ஆள் மறையவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது என்று எண்ணி இரண்டு பெயர்களிலும் தேடுங்கள்.

தேதிகளிலும் ஒரு கண்ணி உண்டு. பழைய கையெழுத்தில் 7 என்ற எண்ணையடுத்து ‘ப்ர்’ (bre) என்ற சுருக்கம் வந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர்.

மூன்றாவதாக, அவர் உண்மையில் அந்தப் படைப்பிரிவினர்தாமா என்று பாருங்கள். 1668-ல் குடியேறிய வீரர்களின் பட்டியல் ஒன்று உள்ளது. அதில் பலர் போர்ப்பெயரால் மட்டுமே குறிக்கப்படுகின்றனர். லாஃப்ளேர் என்ற ஒரே பெயர் பல கம்பெனிகளில் (படைப்பிரிவின் உட்பிரிவுகளில்) இருந்திருக்கலாம் என்பதால், கம்பெனித் தலைவரின் பெயரைக் கட்டாயம் ஒப்பிடுங்கள். ஷாம்ப்ளி, சொரேல், சேன்-தூர், கோந்த்ரகேர், வெர்ஷேர் ஆகிய ஊர்ப்பெயர்கள் அப்படைப்பிரிவின் அதிகாரிகளுடையவை. வீரர்கள் பலர் தம் தலைவரின் நிலப்பகுதியிலேயே குடியேறினர். 1666-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அவர் இல்லையே என்று கலங்க வேண்டாம், அதில் படைவீரர்கள் சேர்க்கப்படவில்லை. 1681-ஆம் ஆண்டுக் கணக்கிலோ வீட்டாரின் வயது, துப்பாக்கி, மாடு, பண்படுத்திய நிலம் வரை தெரியவரும்.

நோட்டரி ஆவணங்களைத் தவிர்ப்பது பெரும் தவறு. திருமண ஒப்பந்தத்தில் சாட்சிகள், சீதனம், கையொப்பமிடத் தெரியுமா என்பது வரை இருக்கும். மணப்பெண், 1663 முதல் 1673 வரை அரசரின் செலவில் அனுப்பப்பட்ட ஏறத்தாழ 800 பெண்களில் ஒருவராக இருந்தால், அரசர் அளித்த சீதனமும் அதில் குறிக்கப்பட்டிருக்கலாம்.

கடைசியாகக் கடலைக் கடக்க வேண்டும். வீரரின் திருமணப் பதிவு பெரும்பாலும் அவர் பிறந்த பங்கையும் மறைமாவட்டத்தையும் (ஆயர் ஒருவரின் ஆட்சிக்குட்பட்ட திருச்சபைப் பகுதியையும்) சொல்லும். அந்தப் பழைய மறைமாவட்டம் பிரான்சின் இன்றைய எந்த மாவட்டத்தில் அடங்குகிறது என்று கண்டறிந்து, அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பங்குப் பதிவேட்டைப் புரட்டுங்கள். அங்கே அதே பெயரில் ஒரு திருமுழுக்குப் பதிவு கிடைத்தாலும், தாய், தந்தை இருவர் பெயரும் கியூபெக் பதிவோடு ஒத்துவரும்வரை அதைப் பென்சிலால் மட்டும் குறித்து வையுங்கள்.